மலை இறங்கும் பழைய பிக்கப்: பிரேக் சீரமைப்பு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிவரும் ஒரு டீசல் பிக்கப், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்ற குறையுடன் எங்கள் பட்டறைக்கு வந்தது. 2007-இல் பதிவான வண்டி. முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம், பெடலுக்குத் துணையாக வேக்கூம் பூஸ்டர், அந்தப் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்க மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் பின்புறம் பொருத்திய சிறு பம்பு, பின் அச்சுக்கு மேலே சுமைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் லோடு வால்வு என்று, அந்தக் காலத்துச் சிறு சரக்கு வண்டிகளில் வழக்கமாக இருக்கும் அமைப்புதான். வெற்று எடை 1,550 கிலோ. அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,750 கிலோ. ஓட்டுநரின் எடையைக் கழித்தால் 45 கிலோ மூட்டைகள் 25 ஏற்றலாம். இந்த வண்டியில் வழக்கமாக 35 மூட்டைகள் ஏறின. இந்த எண்ணிக்கைதான் ஆய்வு முழுவதையும் தீர்மானித்தது என்றாலும், அது எங்களுக்குத் தெரிய நான்கு நாட்கள் ஆயின.

பட்டறைக்கு வருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அந்த மலைச்சாலையில் உள்ள குஞ்சப்பனைக்குச் சற்று மேலே, ஒரு வளைவை நெருங்கும்போது பெடல் தரைவரை இறங்கியிருக்கிறது. உரிமையாளரே ஓட்டுநரும் ஆதலால், பதற்றத்திலும் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கமாக வண்டியை ஒதுக்கி உரசி நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் காயமில்லை. அரை மணி நேரம் கழித்துப் பெடல் திரும்ப வந்துவிட்டதாம். அவர் குறையைச் சொன்ன விதத்தை அப்படியே பதிவு செய்கிறேன்: “அண்ணா, மேல இருக்கறப்ப பெடல் கல்லாட்டம் இருந்துச்சுங்க, கீழ வர வர பஞ்சாட்டம் ஆயிப்போச்சுங்க.”

இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. கல் போன்ற பெடல் என்றால், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஹைட்ராலிக் அமைப்பு கசிவின்றி மூடியபடியே இருக்கிறது, ஆனால் பூஸ்டரின் துணை கிடைக்கவில்லை என்று பொருள். பஞ்சு போன்ற பெடல் என்றால் குழாய்க்குள் அமுங்கக்கூடிய ஏதோ ஒன்று, அதாவது காற்றோ ஆவியோ, புகுந்துவிட்டது என்று பொருள். குளிர்ந்ததும் பெடல் தானாக மீண்டதால் அது காற்றாக இருக்க முடியாது. கொதித்த பிரேக் ஆயிலின் ஆவிதான். உரிமையாளர் இரண்டையும் ஒரே கோளாறாகக் கருதி, பெரிய பூஸ்டரும் பின்னால் டிஸ்க்கும் மாட்டித் தரும்படி கேட்டு வந்திருந்தார்.

மலை கேட்கும் கணக்கு

எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன், இந்தச் சாலை ஒரு பிரேக்கிடம் எவ்வளவு வேலை வாங்குகிறது என்பதை உரிமையாளருக்குக் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,450 மீட்டர். சாலையின் நீளம் 33 கி.மீ. அளவு. 2,750 கிலோ எடையுள்ள வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது 39 மெகாஜூல் ஆற்றலை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே வண்டியைச் சமதரையில் ஒருமுறை முழுமையாக நிறுத்த 0.17 மெகாஜூல்தான் தேவை. ஆக, ஒருமுறை மலை இறங்குவது, 40 கி.மீ. வேகத்திலிருந்து 230 தடவை நிறுத்துவதற்குச் சமம். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்த 230 என்ற எண் மாறாது. ஒவ்வொரு தடவையும் பிறக்கும் வெப்பந்தான் மாறும். 39 மெகாஜூல் வெப்பத்தைக் கொண்டு 30 டிகிரியில் இருக்கும் 130 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். 35 மூட்டைகளோடு இறங்கினால் இன்னும் 20 லிட்டருக்கு மேல் சேர்த்துக் கொதிக்கவைக்கலாம்.

இந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கே சுமக்க வேண்டியதில்லை. டயர் உருளும் தடையும் காற்றின் தடையும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கியரில் வண்டி இறங்கினால் எஞ்சின் ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சிய பங்கை முன்னும் பின்னுமாக நான்கு சக்கரங்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரிய பூஸ்டர் என்ற யோசனை இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. பூஸ்டர் காலின் உழைப்பைக் குறைக்குமே ஒழிய, டிஸ்க்கும் டிரம்மும் தாங்கக்கூடிய வெப்பத்தின் அளவை ஒரு டிகிரிகூட உயர்த்தாது. பெடல் இலகுவானதால் ஓட்டுநர் கூடுதலாக மிதித்து, ஏற்கெனவே கொதிக்கும் முன் பிரேக்கை இன்னும் விரைவாகக் கொதிக்கவைக்கவும் கூடும்.

முதற்கட்டச் சோதனை

தார் போட்ட ஒரு தனியார் மைதானத்தில், அனுமதி பெற்று, 25 மூட்டை எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி, மணிக்கு 40 கி.மீ. வேகத்திலிருந்து மூன்று முறை நிறுத்திப் பார்த்தோம். பெடலில் கால் பட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அங்கிருந்து முன் சக்கரம் நின்ற இடம்வரை நாடா பிடித்து அளந்தோம். 19.2, 18.6, 20.1 மீட்டர் வந்தது. சராசரி 19.3 மீட்டர் என்றால் வேகத்தணிப்பு, அதாவது ஒவ்வொரு நொடியிலும் வேகம் குறையும் அளவு, நொடிக்கு 3.2 மீட்டராக இருந்தது. சரக்கு வண்டிகளின் புதுப் பிரேக்குக்குப் பன்னாட்டு விதிமுறை கேட்கும் குறைந்தபட்ச வேகத்தணிப்பு இதே கணக்கில் 5 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை நகர்த்தும் ஒரு நொடிக்குள் வண்டி ஓடிவிடும் 11 மீட்டரையும் இதனுடன் சேர்த்தால், 40 கி.மீ. வேகத்தில்கூட 30 மீட்டருக்குள் நிற்கிற எதுவும் பாதுகாப்பாக இல்லை.

அளவைவிட அதிகமாகச் சொன்னது வெப்பம். தொடர்ந்து ஐந்து முறை நிறுத்திய உடனே தொடாமல் வெப்பம் பார்க்கும் கருவியைச் சக்கரங்களில் காட்டினோம். முன் இடது டிஸ்க் 188 டிகிரி, முன் வலது 146. பின் டிரம்கள் இரண்டும் 44, 41. அன்றைய வெயிலே 31 டிகிரி. சுமையில் பாதிக்கு மேல் தாங்கி நிற்கும் பின் அச்சு, வண்டியை நிறுத்துவதில் ஏறக்குறைய பங்கே எடுக்கவில்லை என்பது அந்த இரண்டு எண்களில் தெரிந்துவிட்டது. குறை முன்னால் தெரிகிறது; காரணம் பின்னால் இருக்கிறது. அதன் பிறகு எங்கள் தேடலை அந்தத் திசையில் வைத்துக்கொண்டோம்.

கல்லான பெடல்

பூஸ்டரைச் சோதிக்கும் எளிய வழியை எல்லா ஓட்டுநரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்க்க வேண்டும். பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தால், எஞ்சின் பிடித்த சில நொடிகளில் பெடல் காலுக்கடியில் தானாக ஓர் அங்குலம் போல் இறங்க வேண்டும். இந்த வண்டியில் அரை நிமிடம் கழித்துப் பெயரளவுக்கு அசைந்தது.

வெற்றிட மானியை இணைத்துப் பார்த்தபோது, எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் ஒரு நிமிடத்துக்குப் பிறகும் 390 மி.மீ. பாதரச அளவைத் தாண்டவில்லை. மேட்டுப்பாளையத்தின் உயரத்தில் நல்ல பம்பு 640 வரை இழுக்க வேண்டும். பம்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வளைவில் வெடித்திருந்தது; அதைத் தவிர்த்துவிட்டுப் பம்பை மட்டும் தனியே சோதித்தும் 430-ஐ எட்டவில்லை. உள்ளே உள்ள தகடுகள் தேய்ந்திருந்தன. ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் தளர்ந்திருந்ததால் பம்பு உரிய வேகத்தில் சுழலவுமில்லை.

இதில் மலைக்கென்று ஒரு கூடுதல் தண்டனை உண்டு. பூஸ்டரின் துணை, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளிருக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து பிறக்கிறது. கோத்தகிரியின் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எனவே குறையற்ற பூஸ்டரும் மேலே சற்றுச் சோர்ந்துதான் வேலை செய்யும். இந்த வண்டியின் பம்பு சமவெளியிலேயே தரவேண்டியதில் அறுபது விழுக்காட்டைத்தான் தந்தது என்றால், மேலே அதிலும் குறைந்து, கிடைத்தது பாதியாகவே இருந்திருக்கும். மேலே கல்லாகவும் கீழே வந்தால் சற்று இலகுவாகவும் பெடல் இருந்ததற்கு இதுவே விளக்கம்.

விசாரித்தபோது இன்னொரு பழக்கமும் வெளிப்பட்டது. நேரான இறக்கங்களில் டீசல் மிச்சமாகும் என்று அவர் வண்டியை நியூட்ரலில் விட்டு வந்திருக்கிறார். இந்தப் பழக்கம் மலைப்பாதையில் பரவலாக இருப்பதால் சற்று விரித்துச் சொல்வது கடமை எனக் கருதுகிறேன். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் டீசல் பம்பு எஞ்சினுக்கு டீசல் செலுத்துவதை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. சேமிப்பு என்று நினைப்பது சேமிப்பே அல்ல. அதோடு எஞ்சின் பிரேக்கிங் முழுவதும் போய்விடுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் வெற்றிடப் பம்பும் மெதுவாகச் சுற்றிப் பூஸ்டரின் துணையும் குறைகிறது. பிரேக்கின் சுமை கூடும் அதே நேரத்தில் காலுக்கான உதவி குறைகிறது.

பஞ்சான பெடல்

ஆயில் டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்தது டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எவருக்கும் நினைவில்லை. குறையும்போது ஊற்றி வந்திருக்கிறார்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அதற்கு வகுத்த குறைந்தபட்சம் 140 டிகிரி. டாட் 4-க்கு இவை முறையே 230, 155. ஈரமேறிய நிலை என்று தரநிலை குறிப்பது 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையை. பல ஆண்டுகள் மாற்றாத ஆயிலில் அதற்கு மேலும் ஈரம் சேர்ந்து, கொதிநிலை இன்னும் இறங்கலாம்.

முன் இடது டிஸ்க் மட்டும் ஏன் மற்றதைவிட 40 டிகிரி கூடுதலாகச் சுட்டது என்பதற்குக் காரணம், டிஸ்க்கை இருபுறமும் பேட்களால் (உராய்வுக் கட்டைகளால்) கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் கிடைத்தது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கான இரண்டு ஊசிகளில் கீழ் ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அதனால் காலை எடுத்த பிறகும் உட்பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உட்பேடில் 2 மி.மீ., வெளிப்பேடில் 7 மி.மீ. மிச்சம் இருந்தது. பேட் இவ்வளவு மெலிந்துவிட்டால் வெப்பத்தைத் தடுத்துநிறுத்தும் கனம் போய், சூடு நேரே பிஸ்டனுக்கும் அதன் பின்னால் நிற்கும் ஆயிலுக்கும் கடத்தப்படும். குஞ்சப்பனையில் கொதித்தது இந்தக் காலிப்பரின் ஆயில்தான் என்று ஐயமின்றிச் சொல்லலாம். டிஸ்க்கின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளும் முடியிழை போன்ற வெடிப்புகளும் இருந்தன. சூடான டிஸ்க்கில் வழியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றியதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். மலையில் பலரும் செய்வதுதான். ஆனால் வார்ப்பிரும்பு அப்படித் திடீரென்று குளிர்ந்தால் கோணிக்கொள்ளும் அல்லது வெடிக்கும். ஓரமாக நிறுத்திக் காற்றிலேயே ஆறவிடுவதைத் தவிர அதற்கு வேறு மருந்தில்லை.

பின் அச்சு ஏன் உழைக்கவில்லை

இதுதான் இந்த ஆய்வின் நடுப்பகுதி. டிரம்களைக் கழற்றியதும் கிரவுன் ஆயிலின், அதாவது பின் அச்சின் பல்சக்கரங்களுக்கான எண்ணெயின், நெடி அடித்தது. டிரம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் ஷூக்களின்மேல் ஒட்டிய உராய்வுப் பொருளான லைனிங், வலது பக்கத்தில் எண்ணெயில் ஊறிக் கறுத்துப் பளபளத்தது. ஆயில் சீல் தேய்ந்ததால் வந்தது என்று அதோடு விட்டுவிடுவது எளிது. அதே சீல் ஓராண்டுக்குள் இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது என்பதால் மேலும் தேடினோம். பின் அச்சின் உச்சியில் உள்ள மூச்சுத்துளை சேற்றால் முழுமையாக அடைபட்டிருந்தது. ஓட்டத்தில் கிரவுன் சூடாகும்போது உள்ளே விரியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல், அது எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. துளையைத் திறக்காமல் எத்தனை சீல் மாற்றினாலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

இடது பக்கம் எண்ணெய் இல்லை. ஆனால் லைனிங்கின் நடுவில் மட்டும் கண்ணாடிபோல் ஒரு பட்டை. சாக்பீஸை லைனிங் முழுவதும் தேய்த்து, ஷூவை டிரம்முக்குள் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துப் பார்த்தோம். நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. இரு முனைகளும் அப்படியே வெள்ளையாக இருந்தன. டிரம் பலமுறை லேத்தில் கடையப்பட்டு விட்டம் பெருத்திருக்க, ஷூவின் வளைவோ பழைய அளவிலேயே இருந்ததால், லைனிங் முழுமையாகப் பதியவே இல்லை. தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டரின் மரைகளும் துருவில் இறுகி, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருந்தது.

இவ்வளவையும் கண்டபின் காரணம் கிடைத்துவிட்டது என்றுதான் எங்களில் இருவர் கருதினோம். ஆனால் காற்றை வெளியேற்றுவதற்கான பிளீடர் துளைகளில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, முன்னால் 70 பார் அழுத்தம் ஏறும்போது பின்னால் 25 பாரே வந்தது. அதுவும் முழுச்சுமை ஏற்றிய நிலையில். ஷூவும் டிரம்மும் புதிதாகவே இருந்தாலும் இந்த அழுத்தத்தில் அவற்றால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

லோடு வால்வு வேலை செய்யும் விதம் எளிமையானது. வால்வு வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இருக்கிறது. அதன் கம்பி பின் அச்சில் மாட்டப்பட்டிருக்கிறது. சுமை ஏற ஏற, சேசிஸை அச்சின்மேல் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து சேசிஸ் அச்சை நோக்கி இறங்கும். கம்பி அசைந்து வால்வைத் திறந்து, பின் சக்கரங்களுக்குக் கூடுதல் அழுத்தத்தை விடும். வண்டி காலியாக இருந்தால் சேசிஸ் உயர்ந்து, வால்வு பின்னழுத்தத்தைக் குறைத்து, லேசான பின்புறம் சறுக்கி வால் வீசாமல் காக்கும். அதாவது, இந்த வால்வு எடையை நேரடியாக அறிவதில்லை; வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே எடையை ஊகிக்கிறது.

அச்சின் அடியில் குனிந்து பட்டைகளை எண்ணியபோது ஒவ்வொரு பக்கமும் இரண்டு பட்டைகள் கூடுதலாக இருந்தன. 35 மூட்டை ஏற்றினாலும் வண்டி தாழாமலிருக்கப் பட்டை கூட்டியிருக்கிறார்கள். 25 மூட்டை எடையில் அந்த வண்டி, பழைய பட்டைகளோடு இருந்தால் தாழ்ந்திருக்க வேண்டிய அளவைவிட ஏறத்தாழ 35 மி.மீ. உயர்ந்தே நின்றது. அதைப் பார்த்த லோடு வால்வு, வண்டி கிட்டத்தட்ட காலியாக இருக்கிறது என்று முடிவு செய்து பின் பிரேக்கை அடக்கிவைத்தது. சுமை தாங்குவதற்காகச் செய்த வேலையே, சுமையை நிறுத்தும் வேலையைப் பின் அச்சிடமிருந்து பறித்து முன் அச்சின் தலையில் கட்டிவிட்டது. முன் பேட் தேய்ந்ததும், டிஸ்க் நீலம் பாய்ந்ததும், ஆயில் கொதித்ததும் இதன் தொடர்ச்சிதான். ஓட்டுநர் கூட்டிய பத்து மூட்டைகள் பிரேக்கை இரண்டு வழியில் தாக்கியிருக்கின்றன: எடையாக ஒருமுறை, பட்டையாக இன்னொரு முறை.

செய்ததும் தவிர்த்ததும்

கூடுதல் பட்டைகளைக் கழற்றுவதற்கு உரிமையாளரை இணங்கவைக்கவே ஒரு மாலை முழுவதும் போனது. அவருடைய தயக்கம் நியாயமற்றதல்ல. ஒரு நடைக்குப் பத்து மூட்டை குறைந்தால் வாடகையில் அந்த அளவு குறையும். வண்டிக்கடன் முடிந்துவிட்டாலும் வீட்டுக்கடன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டிரம்களின் 44, 41 என்ற எண்களையும் முன் டிஸ்க்கின் 188-ஐயும் எழுதிக் கொடுத்து, அவரே வெப்பமானியைப் பிடித்து மறுபடி அளந்து பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். பட்டைகளைக் கழற்றாமல் லோடு வால்வின் கம்பியை மட்டும் இழுத்துக் கட்டிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. அதை நான் உறுதியாக மறுத்தேன். வால்வை நிரந்தரமாகத் திறந்துவைத்தால் சுமையோடு இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்பும்போது, பிரேக் அடித்த உடனே எடை முன்னால் சாய, லேசான பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். இறங்கும்போது காப்பாற்றி ஏறும்போது கொல்லும் மாற்றத்தை மேம்பாடு என்று அழைக்க முடியாது.

பின்னால் டிஸ்க் மாற்றும் திட்டத்தையும் கைவிட்டோம். முன்பின் பங்கீடு, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் அளவு, கைப்பிரேக் ஆகிய மூன்றையும் புதிதாக வடிவமைக்காமல் டிஸ்க்கை மட்டும் மாட்டுவது அரைவேலை. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதிக்கும் கட்டுப்பாடும் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள டிரம் பிரேக் இந்த எடைக்குப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. இந்த வண்டியில் அது நல்ல நிலையில் இருந்ததே இல்லை.

முன்பக்கம் இரண்டு டிஸ்க், பேட், காலிப்பர் ஊசிகள், ரப்பர் உறைகள் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டோம். வெளியே நன்றாகத் தெரிந்த பிரேக் ஹோஸ்களையும் மாற்றினோம். வெட்டிப் பார்த்தபோது ஒன்றின் உள்துளை வீங்கிப் பாதியாகக் குறுகியிருந்தது. பின்னால் இரண்டு டிரம், லைனிங் ஒட்டிய ஷூக்கள், வீல் சிலிண்டர்கள், ஆயில் சீல்கள் எல்லாம் ஜோடியாக மாறின. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய லைனிங்கின் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாமல், நீரால் நனைத்துத் துடைத்தோம். பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்க வாய்ப்புண்டு, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்தால் மெல்ல மெல்ல இறங்கியதால் அதுவும் மாறியது. வெற்றிடப் பம்பு, ஹோஸ், பெல்ட் மாறின. மூச்சுத்துளையிலிருந்து ஒரு ரப்பர் குழாயைச் சேறு எட்டாத உயரத்துக்கு ஏற்றிக் கட்டினோம்.

ஏர் எடுக்கும்போது, அதாவது ஆயில் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும்போது, நடந்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முதல்முறை வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிய நிலையில் எடுத்தோம். பின் சக்கரங்களில் ஆயில் சொட்டுச் சொட்டாகவே வந்தது. அச்சு தொங்கினால் சேசிஸுக்கும் அச்சுக்கும் இடைவெளி கூடி, லோடு வால்வு வண்டியைக் காலியிலும் காலியாகக் கருதி வழியை அடைத்துவிடும் என்பதை அந்த அவசரத்தில் மறந்திருந்தோம். அச்சுக்கடியில் முட்டுக் கொடுத்து வண்டியின் எடையை அதன்மீது இறக்கிய பிறகுதான் குமிழ்கள் முழுவதும் வெளியேறின. புதிதாக ஊற்றியது மூடி திறக்காத டப்பாவிலிருந்து எடுத்த டாட் 4 ஆயில். பழையது முற்றிலும் வெளியேறி நிறம் மாறும்வரை ஓடவிட்டோம். பட்டைகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பியபின், காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்கு லோடு வால்வின் கம்பியை அமைத்து, நட்டின்மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தோம். யாராவது கை வைத்தால் கோடு விலகிவிடும்.

பேட், லைனிங் எல்லாம் புதியவையாதலால் உடனே மலைக்கு அனுப்பவில்லை. சமவெளிச் சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 20-க்கு மென்மையாகக் குறைப்பதும், இடையே ஆறவிடுவதுமாக முப்பது முறை செய்து பதியவைத்தோம்.

மறுசோதனையும் மலையும்

அதே மைதானம், அதே 25 மூட்டை எடை, அதே 40 கி.மீ. வேகம். நின்ற தூரம் 11.8, 11.4, 11.6 மீட்டர். வேகத்தணிப்பு 5.3-க்கு உயர்ந்திருந்தது. இடைவெளியின்றிப் பத்து முறை நிறுத்தியபோது பத்தாவது முறை 12.9 மீட்டர் ஆனது. சூட்டில் ஒரு மீட்டர் சொச்சம் இழப்பது ஏற்கத்தக்கதே. பின்னழுத்தம், முன்னால் 70 பார் இருக்கையில், 48 பார் காட்டியது. ஐந்து முறை நிறுத்தியபின் வெப்பம் முன்னால் 118, 115. பின்னால் 72, 75. முன்பு நான்கு சக்கரங்களுக்கிடையே இருந்த ஏறத்தாழ 150 டிகிரி வேறுபாடு 46 டிகிரிக்குள் அடங்கியிருந்தது. எனக்கு நின்ற தூரத்தைவிட இந்த நான்கு எண்கள்தான் நிறைவளித்தன.

பிறகு கோத்தகிரிக்குச் சென்று, 25 மூட்டைகளோடு உரிமையாளர் ஓட்ட, நான் அருகில் அமர்ந்து இறங்கினோம். மேலே வெற்றிட மானி 530 காட்டியது. அந்த உயரத்துக்கு அது சரியான அளவு. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்ததால் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே வந்தார். பெடலைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒரு திடமான அழுத்தமும் பிறகு முழு விடுதலையும் என்று காலைப் பழக்க முதல் பத்து கிலோமீட்டர் ஆனது. குன்னூர் மலைச்சாலையில் பர்லியாறு பக்கத்தில் இருப்பதைப் போல இங்கும் வளைவுகளில் எதிரே ஏறிவரும் பேருந்துக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தச் சிறு நிறுத்தங்களும் பிரேக்குக்கு மூச்சு விடும் நேரமாயின. குஞ்சப்பனையில் நிறுத்தி அளந்தோம். முன் டிஸ்க்குகள் 172, 168. பின் டிரம்கள் 121, 126. கருகல் வாடை இல்லை. பெடல் புறப்பட்டபோது இருந்த உயரத்திலேயே நின்றது.

மூன்று மாதம் கழித்து வண்டி மறுபடி வந்தது. லைனிங் முழு அகலத்துக்கும் சீராகப் பதிந்திருந்தது. முன் பேட்கள் உள்ளும் புறமும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. வலது பின்சக்கரத்தில் மட்டும் சீலைச் சுற்றி லேசான ஈரம். மூச்சுக்குழாயின் முனையை எடுத்து ஊதிப் பார்த்தால் காற்று போகவில்லை; குழாயின் வாய்க்குள் ஒரு குளவி மண்கூடு கட்டியிருந்தது. கூட்டை எடுத்து, முனைக்கு ஒரு சிறு கம்பி வலை மாட்டினோம். லோடு வால்வின் நட்டைக் குனிந்து பார்த்தேன். மஞ்சள் கோடு விலகாமல் இருந்தது. “நானும் வாராவாரம் பார்த்துக்கிட்டுத்தானுங்க இருக்கேன்” என்றார் உரிமையாளர், மூட்டைகளை எண்ணிச் சங்கிலியைப் பூட்டியபடி. இருபத்தைந்து இருந்தன.